ஆந்தைக்காகச் சட்டை தேய்த்த கதை

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொண்டது. இங்கே அம்மா, அப்பா, நான், என் பொறுப்பில் இருக்கும் ஓர் ஆந்தை எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் சித்தப்பாவும் உங்கள் குளத்து ஆமைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆமைகளைக் காப்பாற்றச் சங்கம் ஆரம்பித்திருப்பதாகவும், நன்கொடை திரட்டுவதில் நான் பெரிய கெட்டிக்காரி என்று அம்மா போனில் சொன்னதாகவும், ஆகவே யோசனைகளை எழுதி அனுப்புவதோடு அடுத்த மாதம் உங்கள் கூட்டத்துக்கே வந்து பேச வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். யாரைப் பற்றிச் சொன்னாய் என்று அம்மாவிடம் கேட்டேன். என்னைப் பற்றித்தானாம். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னார்கள் என்பதற்காகப் பள்ளியையே விட்டவள் நான். பதில் தெரியாமல் இல்லை சித்தி, எழுந்திருக்கத்தான் முடியவில்லை. இருந்தாலும் நீங்கள் கேட்டுவிட்டதால் நடந்ததை எழுதுகிறேன். இதில் யோசனை ஏதாவது கிடைத்தால் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்க்கும் வனவிலங்குக் காப்பகம் என்பது கால்நடை மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள ஒரு நீளமான அறையும் ஒரு முற்றமும்தான். அடிபட்ட பறவைகள், வௌவால்கள், எப்போதாவது ஒரு கீரி வரும். கூண்டு கழுவுவது, தீனி வைப்பது என் வேலை. அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை, அதனால்தான் அந்த வேலை எனக்குப் பிடித்தது. இந்த வருஷக் கோடையில் பேருந்துக் கண்ணாடியில் மோதி இறக்கை ஒடிந்த ஓர் ஆந்தை வந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் கூடிய இறக்கையை அடித்துப் பழக நீளமான பறக்கும் கூண்டு வேண்டும். எங்களிடம் இருந்த கூண்டின் மேல் புயலில் மரம் விழுந்து அது அப்பளமாகிவிட்டது. மருத்துவமனை டாக்டரக்கா ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார், மழைக்காலம் வரை இந்த ஆந்தை பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் இறக்கை விறைத்துப்போகும், அப்புறம் ஆயுள் முழுக்க அதற்குப் பெட்டிதான் என்று.

உடனே எங்கள் காப்பகத்துச் செயலாளர் அண்ணன் புதுக் கூண்டுக்கு நிதி திரட்டக் கிளம்பினார். அவர் நல்லவர், ஆனால் வாயைத் திறந்தால் முன்னுரையே முக்கால் மணி நேரம். அவர் தெருவில் வந்தால் கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்கிவிடுவார்கள். கடைசியில் அவர் என்னைப் பார்த்தார். "இவ மூஞ்சியப் பாத்தாலே நாலு பேரு காசு போடுவாங்க" என்று சொல்லி, ஆந்தைப் படம் ஒட்டிய ஒரு தகர டப்பாவை என் கையில் கொடுத்தார். இது பாராட்டா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் மருந்துக்கடை வாசலில் போய் நின்றேன். கேட்க வாய் வரவில்லை. சுவரோரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்று, ரொம்ப நேரமாக நிற்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு அங்கேயே நின்றார். அவருக்குப் பின்னால் ஓர் அம்மா, அந்த அம்மாவுக்குப் பின்னால் இரண்டு கல்லூரிப் பையன்கள் என்று வரிசை தெருமுனை வரை போய்விட்டது. உள்ளே கடைக்காரர் வாடிக்கையாளரே இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர், வெளியே எட்டிப் பார்த்து மிரண்டுபோய், என்ன வேண்டும் என்று வரிசையில் முதலில் நின்ற என்னைக் கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், என் சொந்தக் காசில். வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், டப்பாவில் இருந்த ஆந்தைப் படம் காலையிலிருந்து என் வயிற்றைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

தெரு சரிப்படாது, வீடு வீடாகப் போகலாம் என்று முடிவு செய்தேன். சில வீடுகளில் மணியை அடித்துவிட்டு, கதவு திறப்பதற்குள் கீழே இறங்கிவிட்டேன். ஒரு மாடி வீட்டில் மட்டும் கதவு சட்டென்று திறந்துகொண்டது. காதில் போனை வைத்திருந்த ஓர் அக்கா என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? சாயங்காலத்துக்குள்ள வேணும், காலர்ல மடிப்பு விழக் கூடாது" என்று ஒரு பெரிய துணி மூட்டையை என் கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். நான் இஸ்திரிக்கு வரவில்லை, ஆந்தைக்கு வந்தேன் என்று மூடிய கதவைப் பார்த்துச் சொன்னேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

வேறு என்ன செய்வது, வீட்டுக்குக் கொண்டுவந்து தேய்த்தேன். "உன் பாவாடைய ஒரு நாளாவது தேச்சிருப்பியாடி" என்று அம்மா கேட்டாள். சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா கூலி கொடுத்தார். அதை அவர் கண் முன்னாலேயே டப்பாவில் போட்டேன், இப்போதாவது கேட்க மாட்டாரா என்று. அந்த அக்கா ஆந்தைப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இந்த வயசிலேயே உண்டியலில் சேர்ப்பது நல்ல பழக்கம் என்று மெச்சி, கீழ் வீட்டுக்கும் சொல்லிவிட்டார். கீழ் வீடு எதிர் வீட்டுக்குச் சொன்னது. அந்த வாரம் முடிவதற்குள் அந்தத் தெருச் சட்டைகள் முழுக்க எங்கள் வீட்டுக் கட்டிலில் கிடந்தன. நான் தேய்க்க, அம்மா திட்டிக்கொண்டே தண்ணீர் தெளிக்க, அப்பா மடித்து அடுக்கினார். எனக்குக் கடைசியில் காசு வருகிற வேலை கிடைத்துவிட்டது என்று அப்பா அலுவலகத்தில் இனிப்பு வாங்கிக் கொடுத்தாராம். அது ஆந்தை வேலை என்று சொல்ல நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்துத் தேய்த்தேன்.

பிறகு, வர வேண்டியவர் வந்துவிட்டார். அந்தத் தெருவின் நிஜமான இஸ்திரிக்கடை மாமா. எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, சத்தம் போடாமல் கேட்டார்.

"ஏம் பாப்பா, என் பொழப்புல கை வெச்சிட்டியே, உனக்கு நான் என்ன செஞ்சேன்?"

திட்டியிருந்தால் உள்ளே ஓடியிருப்பேன். அவர் அப்படிக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டப்பாவைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பேருந்துக் கண்ணாடி, ஒடிந்த இறக்கை, விழுந்த மரம், மழை வந்தால் என்ன ஆகும், அது பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது, நான் உள்ளே போனால் மட்டும் தலையைத் திருப்புவது எல்லாம். என் வாழ்க்கையில் மூச்சு விடாமல் நான் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள். அவளுக்கும் அதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

"இத மொதல் வீட்லயே சொல்லியிருந்தா எனக்கு எட்டு வீட்டுத் துணி மிஞ்சியிருக்குமே" என்றார் மாமா. பிறகு டப்பாவைத் தன் இஸ்திரி மேசை மேலேயே வைக்கச் சொன்னார். துணி கொடுக்க வருகிறவர்களிடம் தானே கேட்பதாகச் சொன்னார், கேட்கவும் செய்தார். போடாதவர்கள் சட்டையைத் தேய்ப்பதில் அவசரம் காட்டமாட்டார் போலிருக்கிறது. டப்பா நிரம்பியது. ஆனால் மாமா கதையை வளர்த்துக்கொண்டே போனார். ஆந்தை கழுகாயிற்று. கழுகு ஒரு குழந்தையைக் காப்பாற்றும்போது அடிபட்டதாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் காப்பகத்துக்கு வந்து, இஸ்திரிக்கடையில் சொன்ன சிறுத்தைக்குட்டி எங்கே என்று கேட்டது. செயலாளர் அண்ணன் அவர்களை உட்காரவைத்து முன்னுரையை ஆரம்பித்துவிட்டார். பாவம், அவர்களும் காசு போட்டுவிட்டுத்தான் தப்பித்தார்கள்.

எப்படியோ, கூண்டு எழும்பிவிட்டது. ஆகவே சித்தி, நான் தரக்கூடிய யோசனை ஒன்றுதான்: கேட்கத் தெரிந்தவர் கையில் டப்பாவைக் கொடுங்கள், என்னைப் போன்றவளிடம் கொடுக்காதீர்கள். உங்கள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டது உங்கள் பெருந்தன்மை. ஆனால் அங்கே வந்தால் நான் மேடைக்குப் பின்னால் நாற்காலி துடைத்துக்கொண்டிருப்பேன். யாரிடமும் எதையும் கேட்க என்னால் ஆகாது என்பதை நீங்களே அம்மாவுக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். ஆமைகளுக்கு என் அன்பு. உங்கள் சங்கம் அவற்றைப் போலவே நீண்ட நாள் வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: உறையில் போட்டதை மறுபடி வெளியே எடுத்து எழுதுகிறேன். கூண்டு எழும்பிவிட்டது என்று எழுதினேன் அல்லவா, நாலு பக்கமும்தான் எழும்பியிருக்கிறது. மேலே வலை இல்லை. இஸ்திரிக்கடை மாமா, மகளுக்குப் பிரசவம் என்று கடையைப் பூட்டிவிட்டு வெளியூர் போய்விட்டார், டப்பா என் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. நேற்று டாக்டரக்கா ஆந்தையின் இறக்கையை விரித்துப் பார்த்தார். முன்பு விரிந்த அளவுக்கு அது விரியவில்லை. வெளியே மேகம் கட்டுகிறது. அதனால் கேட்கிறேன். சித்தி, வலைக்குப் பணம் தாருங்கள். ஆமைகளுக்காகச் சேர்த்ததிலிருந்து வேண்டாம், உங்கள் சொந்தப் பணத்திலிருந்து தாருங்கள். அது போதாவிட்டால் நான் கூட்டத்துக்கு வருகிறேன், வந்திருப்பவர்களிடமும் கேட்கிறேன். முடியாவிட்டால் பரவாயில்லை என்று இங்கே ஒரு வரி எழுதி, அடித்திருக்கிறேன். அதைப் படித்துவிடாதீர்கள். பரவாயில்லை என்பது பொய்.