முகமூடிக்கு ஒரு பெட்டி

மனிதர்களில் பெட்டிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பெட்டி விற்கிறவரைச் சொல்லவில்லை, பெட்டி செய்து பிழைக்கிறவரையும் சொல்லவில்லை. கையில் ஒரு பொருள் வந்ததும், இதை வைத்து என்ன செய்யலாம் என்று மற்றவர்கள் யோசிப்பார்கள். பெட்டிக்காரர், இதை எதில் வைக்கலாம் என்று யோசிப்பார். வித்தியாசம் அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது சுலபம். அவர் வீட்டு டிவி ரிமோட், வாங்கிய நாளில் வந்த பிளாஸ்டிக் தாளுக்குள்ளேயே மூச்சு முட்டிக் கிடக்கும். எண்கள் தெரியாது, ஆனால் தேயவும் தேயாது. சோபாவுக்கு ஓர் உறை, உறை அழுக்காகாமல் இருக்க அதன்மேல் ஒரு துண்டு, விருந்தாளி வந்தால் மரியாதைக்காகத் துண்டை உருவிவிட்டு, அவர் எழுந்து போகும்வரை அவர் உட்கார்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டு ஒரு புன்னகை. செருப்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சப் போட்டு வைக்கிற குட்டிக் குட்டிப் பொட்டலங்களை நீங்கள் தூக்கி எறிவீர்கள். அவரிடம் ஒரு டப்பா நிறைய இருக்கும். பரணில் ஏறிப் பாருங்கள். பிரிண்டர் செத்து ஒன்பது வருடம். பிரிண்டரின் அட்டைப்பெட்டி நலமாக இருக்கிறது. கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்து வருவார், கைப்பையில் குடை இருக்கும். கேட்டால், "புதுசுங்க" என்பார்.

அவர் பேச்சிலும் சில அடையாளங்கள் உண்டு. "ரெண்டு கையாலயும் பிடி." "இரு, இரு, நானே எடுத்துத் தர்றேன்." "கடைசியா இதை யார் எடுத்தது?" இந்த மூன்றையும் ஒரே நாளில் ஒரே வாயிலிருந்து கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

நம்முடைய பெட்டிக்காரிக்கு வயது நாற்பத்தொன்று. அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று தருகிற ஆய்வுக்கூடத்தில் வேலை. தராசோ, தெர்மாமீட்டரோ, எது வந்தாலும் அது உண்மை சொல்கிறதா என்று பார்ப்பாள். சொன்னால் பச்சை ஸ்டிக்கர், பொய் சொன்னால் சிவப்பு. பதினாறு வருடம் இதையே செய்த கைகள் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? சமையலறையில் இருக்கிற டப்பாக்கள் எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர் உண்டு. கணவருக்கு மட்டும்தான் இன்னும் ஒட்டவில்லை. சோதனை முடியவில்லை என்பது காரணம்.

அப்பாவும் அம்மாவும் அவளோடுதான் இருந்தார்கள். அப்பாவுக்குக் கடைசி ஒன்றரை வருடம் கால் வரவில்லை. ஜன்னலோர நாற்காலிதான் அவருக்கு ஊர், உலகம் எல்லாம். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் ஒரு வி.ஆர். ஹெட்செட் வாங்கிக் கொடுத்தாள். கண்களை முழுக்க மறைத்து அதை மாட்டிக்கொண்டு, கைக்கு ஒன்றாக இரண்டு கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டால், உட்கார்ந்த நாற்காலியிலிருந்தே வேறோர் இடத்துக்குப் போய்விடலாம். வீட்டில் அதற்கு முகமூடி என்று பெயர். மலை இருக்கிறது, கடல் இருக்கிறது, விண்வெளிகூட இருக்கிறது என்று அவள் ஆசையாக எடுத்துச் சொன்னாள். அவர் போனது ஒரு டேபிள் டென்னிஸ் மேசைக்கு. ஆயுளில் மட்டையைத் தொட்டறியாத மனிதர், எதிரே நின்ற கம்ப்யூட்டர் ஆட்டக்காரனைப் பார்த்து, "ஏமாத்துறான்! ஏமாத்துறான்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார்.

நான்கு மாதத்துக்கு முன் இறந்துபோனார்.

சட்டைகளைக் கொடுத்துவிட்டார்கள். வாடகைக்கு வந்த கட்டிலை மருத்துவமனையே திரும்ப எடுத்துக்கொண்டது. கைக்கடிகாரத்தைத் தம்பி கட்டிக்கொண்டான். அவள் எதையும் கேட்கவில்லை. அழவும் இல்லை. அடுத்த வாரமே வேலைக்குப் போய் பதினெட்டுத் தராசுகளுக்குப் பச்சை ஒட்டினாள்.

ஒரு சாயங்காலம் அம்மா முகமூடியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அடுத்த மாதத்திலிருந்து அம்மா தம்பி வீட்டில் இருப்பதாக ஏற்பாடு.

"இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமாடி?"

தாராளமாக என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் அவள் அந்தத் திருகைப் பார்த்தாள். முகமூடியின் பின்பக்கம், தலையைச் சுற்றிவருகிற பட்டையில் ஒரு திருகு உண்டு. இந்தப் பக்கம் திருகினால் க்ளிக் க்ளிக் என்று பட்டை இறுகும், அந்தப் பக்கம் திருகினால் தளரும், விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும். அப்பா போனபிறகு அதை யார் தொட்டார்கள்? யாரும் இல்லை. அப்படியானால் அந்தப் பட்டையின் உள்சுற்றளவு என்ன?

அப்பாவின் தலை.

டேப்பை உள்ளே வளைத்து மூன்று முறை அளந்தாள். ஐந்நூற்று எழுபத்தெட்டு மில்லிமீட்டர். மூன்று முறையும் அதே.

"பையில போட்டெல்லாம் எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா. நான் ஒரு பெட்டி செஞ்சு தர்றேன். ஒரு வாரம்."

"ஒரு வாரம் எதுக்குடி? துண்டுல சுத்தி..."

"இரு, இரு, நானே எடுத்துக்கறேன். ரெண்டு கையாலயும் பிடி!"

அன்றைக்குத் தொடங்கியது. முதலில் வந்தது இந்த ஹெட்செட்டுக்கென்றே விற்கிற பெட்டி. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது, ஆனால் மூடி மூடவில்லை. பட்டையை இரண்டு சுற்று இறுக்கினால் மூடிவிடும். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் மூடுகிறார்கள். அவள் பெட்டியைத் திருப்பி அனுப்பினாள்.

இரண்டாவது, கேமராக்காரர்கள் தூக்கிக்கொண்டு அலைகிற முரட்டுப் பெட்டி. உள்ளே ஃபோம், சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி வைத்தது. வேண்டிய வடிவத்துக்குக் கட்டங்களைப் பிய்த்து எடுத்துவிட்டால் பொருளுக்கு ஏற்ற பள்ளம் கிடைக்கும். காகிதத்தில் வரைந்து, குண்டூசி குத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிய்த்தாள். ஒரு கட்டம் அதிகமாக வந்துவிட்டது. ஒரே ஒரு கட்டம். சார்ஜர் அந்தப் பக்கமாக நான்கு மில்லிமீட்டர் ஆடியது. அந்த நான்கு மில்லிமீட்டருக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது முறை அவளே ஃபோம் கடைக்குப் போனாள்.

"மெத்தைக்கா, குஷனுக்கா?" என்றார் கடைக்காரர்.

"தலைக்கு."

"தலையணைக்கா?"

"இல்லைங்க. ஒரு தலை செய்யணும். அடர்த்தி அதிகமா, அமுங்கி எழுந்தா பழைய அளவுக்கே வரணும்."

கடைக்காரர் அவள் தலையை ஒருமுறை பார்த்தார். பிறகு கேள்வி கேட்கவில்லை.

பட்டை தானாகத் தளராமலும் இறுகாமலும் இருக்க, உள்ளே ஒரு தலை இருக்க வேண்டும். எவ்வளவு தெளிவான தீர்வு! சாம்பல் நிற ஃபோமைத் தட்டுத் தட்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, ரொட்டி அறுக்கிற கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, அளந்து, மறுபடி தேய்த்து, மறுபடி அளந்து... வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற கணவர் தேநீர் எடுக்க வந்தவர், சாப்பாட்டு மேசையில் கழுத்தில்லாத ஒரு தலையைக் கண்டு அப்படியே நின்றார்.

"யாரு இது?"

"அப்பா."

"ஜாடை தெரியலையே."

"ஜாடை எதுக்குங்க? அளவுதான். அவர் கடைசியா மாட்டினப்போ இருந்த அதே அளவு. அஞ்சு எழுபத்தெட்டு. யாரும் திருகைத் தொடல."

கணவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் அந்தத் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஃபோம் தூள் கன்னமெல்லாம் ஒட்டியிருந்தது, அதில் இரண்டு ஈரக் கோடுகள். அவர் தேநீரை மறந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அம்மா தினமும் கேட்டாள். "முடிஞ்சுதாடி?"

"இன்னும் ஒரு தட்டும்மா."

"நேத்தும் ஒரு தட்டுன்னே."

அம்மா பெருமூச்சு விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போவாள். பாவம், அம்மாவுக்கு அப்பா ஞாபகம் என்று அவள் நினைத்துக்கொள்வாள். பெட்டிக்காரர்களுக்கு அடுத்தவர் மனது கண்ணாடி போலத் தெரியும். அது ஜன்னல் கண்ணாடியா, முகம் பார்க்கிற கண்ணாடியா என்பதில்தான் குழப்பம்.

ஒரு வாரம் மூன்று வாரம் ஆயிற்று. நாளைக் காலை தம்பி வண்டி எடுத்துக்கொண்டு வருகிறான் என்ற நிலையில், சனிக்கிழமை மத்தியானம் பெட்டி முடிந்தது. மேசையில் வைத்து, அம்மாவையும் கணவரையும் உட்காரவைத்து, இரண்டு தாழ்ப்பாளையும் ஒரே நேரத்தில் திறந்தாள். சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. இடது கன்ட்ரோலர், வலது கன்ட்ரோலர், சார்ஜர், லென்ஸ் துடைக்கிற துணி எல்லாம் அதனதன் பள்ளத்தில், தொட்டிலில் படுத்த மாதிரி. நடுவில் சாம்பல் நிறத் தலை, அதன்மேல் முகமூடி. மூலைக்கு ஒன்றாக, ஈரம் உறிஞ்சுகிற நான்கு பொட்டலங்கள்.

"நல்லா இருக்குடி," என்று அம்மா கையை நீட்டினாள்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு. பின்னாடி இருக்கற திருகைத் தொடவே கூடாது."

"சரி, தொடாமலே போட்டுக்கறேன்."

"போட வேண்டாம்மா. வச்சிருந்தாப் போதும். அது அப்பா தலை."

அம்மா மகளைப் பார்த்தாள். மருமகனைப் பார்த்தாள். மருமகன் மேசையின் மரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அம்மா முகமூடியை ஃபோம் தலையிலிருந்து கழற்றினாள், கொண்டையைக் கொஞ்சம் அமுக்கிவிட்டாள், மாட்டினாள். திருகைத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமே இல்லை. அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

"அது என் தலைடி," என்றாள் முகமூடிக்குள்ளிருந்து.



"உங்கப்பாவுக்கு இவ்வளவு பெரிய தலை ஏது? அவருக்குக் கோபம்தான் பெருசு, தலை சின்னது. அவர் போன மறுவாரமே நான் தளர்த்திட்டேன். நீ ஆபீஸ் போனப்புறம் தினம் ஒரு மணி நேரம். மாப்பிள்ளைக்குத் தெரியும்."

"அத்தை கத்தறது கேக்கும்," என்றார் கணவர் மேசையிடம்.

"ஏழாவது ஆட்டக்காரன் ஒருத்தன், மொட்டைத் தலையன். அவன்கிட்டயே ஆறு மாசம் தோத்தார் உங்கப்பா. அவர் விட்ட எடத்துலேர்ந்து நான் ஆரம்பிச்சேன். இப்போ பதினொண்ணாவது ஆள்கிட்ட வந்துட்டேன். மூணு வாரமா கை ஊறுது எனக்கு."

அவள் என்ன கேட்டிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? ஏன் சொல்லவில்லை என்றா? அதுவும் கேட்டாள். ஆனால் முதலில் கேட்டது இது:

"எவ்வளவு தளர்த்தினே? எத்தனை க்ளிக்?"

"யாருடி எண்ணினா?"

அவ்வளவுதான். எந்த ஆய்வுக்கூடத்திலும் இனி அந்த அளவு கிடைக்காது.

"ஏம்மா சொல்லல?"

அம்மா முகமூடியைக் கழற்றினாள். "அவர் போனதுலேர்ந்து நீ வாயத் திறக்கல, அழல, ஒண்ணும் இல்ல. இந்தப் பெட்டி வந்தப்புறம்தான் உக்காந்து அழுதுக்கிட்டே அளந்தே. அழட்டும், அளக்கட்டும்னு விட்டேன்."

பெட்டிக்காரி நின்றுகொண்டே இருந்தாள். அம்மா எழுந்து போய் அவளை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்து, முகமூடியை மாட்டி, திருகை அவளே இறுக்கினாள். க்ளிக், க்ளிக், க்ளிக். வாங்கிக் கொடுத்தவள் அதை ஒருநாளும் மாட்டிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

"மொட்டையனையே எடுத்து விடறேன். இடது பக்கம் போடுவான், விடாத!"

விட்டாள். அதையும் விட்டாள், அதற்கடுத்ததையும் விட்டாள். ஒன்பதாவது பந்தில் முகமூடிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. "ஏமாத்துறான்!" என்று. அம்மா மருமகனைப் பார்த்தாள். அவர் அறையை விட்டு வெளியே போனார், தும்மல் வருகிறது என்று சொல்லிவிட்டு.

பதினொன்றுக்குப் பூஜ்யம்.

மறுநாள் காலை அம்மா பெட்டியை எடுத்துக்கொண்டுதான் போனாள். நடுவில் இருந்த தலையை மட்டும் எடுத்து மேசையில் வைத்துவிட்டாள். பட்டையை நன்றாக இறுக்கி முகமூடியைப் பள்ளத்தில் வைத்தபின் மிஞ்சிய இடத்தில் மாத்திரை டப்பா, சீப்பு, தைலப் பாட்டில் எல்லாவற்றையும் திணித்தாள். பாட்டில் அங்குமிங்கும் ஆடியது. நம் பெட்டிக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இது அவள் வாழ்க்கையின் மிகப்பெரிய தியாகம்.

ஃபோம் தலை அவளிடம் இருக்கிறது. உயிரோடு இருக்கிற, போன வாரம் பன்னிரண்டாவது ஆளையும் தோற்கடித்துவிட்டுப் போனில் கத்திய, ஓர் அம்மாவின் தலை. ஐந்நூற்று எழுபத்தெட்டு, கொண்டை உட்பட. அதற்கு ஓர் உறை தைக்கக் கொடுத்திருப்பதாகக் கேள்வி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லவேளை, உங்கள் ரிமோட்டில் உறை இல்லை, மழை வந்தால் குடையை விரிக்கிறீர்கள், பரணில் காலிப் பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. சரி. உங்கள் போனில் ஒரு குரல் செய்தி இருக்கிறதே, இப்போது இல்லாத ஒருவருடையது, "சாப்பிட்டியா? அப்புறமா கூப்பிடு" என்று பதினான்கு நொடி. அழிந்துவிடக் கூடாது என்று மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்திருக்கிறீர்கள். மிகவும் சரி. பத்திரமாக இருக்கட்டும்.

அதைக் கடைசியாக எப்போது கேட்டீர்கள்?