ஃபில்டருக்குள் ஒரு தவளை

குளத்து ஃபில்டர் கூடையின் மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு தவளை அவனை நிமிர்ந்து பார்த்தது.

அவன் மூடியைத் திரும்பப் போட்டான்.

"உள்ள ஆள் இருக்கும்போது கதவைத் தட்டாம திறக்கலாமா, மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

அவர் மோட்டார் பெட்டிக்குப் பக்கத்தில், படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் படுக்கையில் விழுந்தபோது பார்த்துக்கொள்ள வந்தவர். அவள் போய் நான்கு மாதம் ஆகிறது. அவர் கிளம்பவில்லை. அவனும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் மாதிரி இருந்தார்கள். வீட்டுக்காரிதான் இல்லை.

நீச்சல் குளம் பச்சையாக இருந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சியான பச்சை இல்லை. ராணுவ வண்டிக்கு அடிக்கிற பச்சை.

குளம் அவளுடையது. வீடு பார்க்க வந்த அன்று அறைகளைத் திரும்பியும் பார்க்காமல் நேராகக் கொல்லைக்குப் போய்த் தண்ணீரில் கையை விட்டவள். அவனுக்கு நீந்தத் தெரியாது. அவனை விட்டுவிட்டு, அதே தெருவில் இருந்த பெண்கள் ஆறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தாள். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், முழங்கால் நனைந்தாலே அலறுகிறவர்கள். ஒரே வருடத்தில் ஆறு பேரையும் மிதக்கவிட்டாள்.

அவர்களில் மூத்தவரான தையல்கார அக்கா அன்று காலை போன் செய்திருந்தார்.

"தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை அவ பிறந்தநாள். நாங்க ஆறு பேரும் வர்றோம். அவ சொல்லிக்குடுத்த தண்ணியில ஒரு தடவை நீந்திட்டுப் போயிடறோம். வேற என்ன செய்யறதுன்னு எங்களுக்குத் தெரியல."

"வாங்கக்கா" என்றான். போனை வைத்துவிட்டு, நான்கு மாதத்தில் முதல் முறையாகக் கொல்லைக் கதவைத் திறந்தான்.

அன்று திங்கட்கிழமை.

"மோட்டார் ஒழுங்கா ஓடுதா, மாமா?"

"எட்டு மணிக்கு டாண்ணு போடறேன். ஒரு நிமிஷம் பிசகினது கிடையாது. வாரா வாரம் குளோரின் மாத்திரையும் போடறேன்."

அதில் அவனுக்குச் சந்தேகமில்லை. மாமனார் முப்பத்தைந்து வருடம் ரயில் ஓட்டியவர். ஒருமுறை சிக்னல்காரர் தூங்கிப்போனதால் நடுக்காட்டில் இரண்டு மணி நேரம் வண்டியை நிறுத்தி வைத்திருந்தாராம். பயணிகள் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்களாம். "சிக்னல் விழல, நான் எடுக்கல" என்று முடிப்பார். இதுவரை பதினோரு முறை சொல்லியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் கிளம்பும் முன், ஃபில்டர் தொட்டியின் பிரஷர் முள் சிவப்பில் நிற்பதைக் கவனித்தான். உள்ளே அழுக்கு அடைத்திருக்கிறது, தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டுக் கழுவ வேண்டும் என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். வால்வின் கைப்பிடியை அழுத்தித் திருப்பினான். உள்ளே 'டக்' என்றது.

"மோட்டாரை நிறுத்திட்டுத்தானே அதைத் திருப்பணும்?" என்றார் மாமனார்.

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீங்க படிச்சவங்க."

கைப்பிடியைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

சாயங்காலம் வாசலில் பக்கத்து வீட்டு வக்கீல் நின்றிருந்தார். வேட்டி முழங்கால் வரை பச்சையாக இருந்தது.

"சார், உங்க குளம் எங்க தோட்டத்துக்குக் குடிவந்திடுச்சு."

உடைந்த வால்வு வழியாகக் குளத்துத் தண்ணீர் கழிவுக் குழாயில் புகுந்து, சுவர் தாண்டி, வக்கீலின் தக்காளிப் பாத்தியை மூழ்கடித்திருந்தது.

"மன்னிச்சுக்கங்க சார்."

"மத்தியானம் ரெண்டு மணிக்குத் தானா நின்னுச்சு. அதனால நோட்டீஸ் அனுப்பல. இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தா, உங்களைக் கோர்ட்டுலதான் சந்திச்சிருப்பேன்."

குளத்தின் மட்டம் உறிஞ்சும் வாய்க்குக் கீழே இறங்கியிருக்கும், அதனால் நின்றிருக்கும் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். எட்டிப் பார்த்தான். மட்டம் வாய்க்குச் சற்று மேலேதான் இருந்தது. அதற்குமேல் யோசிக்க அவனுக்குத் தெம்பில்லை. யோசிக்கிற இடம் நான்கு மாதமாக மரத்துப்போயிருந்தது.

புதன்கிழமை வால்வுக்குப் புது ரப்பர் போட்டான். மூன்று இடத்தில் கை கிழிந்தது. தண்ணீர் நிரப்ப ஹோஸைப் போட்டான். தவளை வெளியே வந்து புதுத் தண்ணீரை ஒரு சுற்று நீந்திப் பார்த்துவிட்டுத் திருப்தியுடன் கூடைக்குத் திரும்பியது.

"அதுக்குக்கூட நீச்சல் தெரியுது, மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

வியாழக்கிழமை லீவு போட்டான். ஃபில்டர் தொட்டிக்குள் இருக்கும் மணலை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ரப்பர் வாங்கிய கடைக்காரர் சொல்லியிருந்தார். எந்த மணல் என்று சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. பழையதைக் கிண்ணத்தால் மொண்டு மொண்டு வெளியே கொட்டினான். தெருமுனையில் வீடு கட்டுகிறவர்களிடம் ஆறு மூட்டை வாங்கி வந்து நிரப்பி, மோட்டாரைப் போட்டான். மதியம் முதுகு பிடித்துக்கொண்டது. மாத்திரை போட்டுப் படுத்தவன் இருட்டியபின்தான் எழுந்தான்.

குளம் பச்சையாக இல்லை. காப்பி நிறத்தில் இருந்தது.

மாமனார் கரையில் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"மீதி மணல் இருக்கா?"

"ஒரு மூட்டை இருக்கு. எதுக்கு?"

"குளத்து மேலேயே ஒரு மாடி கட்டிடலாம்."

அவன் சிரித்துவிட்டான். சிரித்ததும் இருவரும் சட்டென்று படுக்கையறை ஜன்னலைப் பார்த்தார்கள். பிறகு உள்ளே போய்த் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் வந்தார். அந்தப் பக்கத்தில் அவருக்குக் 'குளத்து டாக்டர்' என்று பெயர். குழாயில் காதை வைத்துக் கேட்டார். தண்ணீரைக் குப்பியில் எடுத்து வெளிச்சத்தில் ஆட்டினார்.

"எத்தனை நாளா இப்படி?"

"சரியாத் தெரியல."

"ஆரம்பத்துலயே கவனிச்சிருக்கலாம்ல? வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

அவனும் மாமனாரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இதே கேள்விகளுக்கு இருவரும் ஆஸ்பத்திரியில் ஒருமுறை வரிசையாகப் பதில் சொல்லி முடித்திருந்தார்கள்.

"சார், இது வீடு கட்டற மணல். பாதிக்குப் பாதி மண்ணுதான் இருக்கு. அதைத்தான் குளம் குடிச்சிருக்கு. அது போகட்டும். அதுக்கு முன்னாடி ஏன் பச்சையாச்சு? மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுது?"

"காலைல எட்டுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்" என்று அவன் பழைய கணக்கைச் சொன்னான்.

"பத்து மணி நேரமா? மாத்திரையும் போடறீங்க?" டாக்டர் தலையைச் சொறிந்தார். "அப்படின்னா பச்சையாகவே கூடாதே சார். என் அனுபவத்துல இப்படி ஒரு கேஸ் பார்த்ததில்ல."

இதையும் ஒரு டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

மதியத்துக்கு மேல் டாக்டர் ஸ்பானரால் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தபோது மாமனார் நாற்காலியிலிருந்து கையைத் தூக்கினார்.

"கொஞ்சம் மெதுவா, தம்பி. இந்த நேரத்துல சத்தம் வேண்டாம்."

"தூங்குங்க பெரியவரே, தூங்குங்க" என்ற டாக்டர், ஸ்பானர் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு வேலை முடிந்தது. சரியான மணல் போட்டாகிவிட்டது. அடியில் படிந்த சேறும் வெளியே போய்விட்டது. இந்த முறை வக்கீலிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி. தவளையை டாக்டர் ஒரு வாளியில் வைத்து மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டார். குளோரின் பொடியைக் கரைத்து ஊற்றிவிட்டு மோட்டாரைப் போட்டார்.

"கேட்டுக்கங்க சார். நாளைக்குக் காலைல வரைக்கும் இது நிக்கவே கூடாது. நிக்காம ஓடினா கண்ணாடி மாதிரி ஆயிடும். நின்னுச்சுன்னா மறுபடியும் முதல்ல இருந்து."

"நாளைக்கு ஒன்பது மணிக்கு ஆறு பேர் வர்றாங்க."

"அதெல்லாம் ஓடும் சார். ஒரு டீ குடுங்க."

அவன் சமையலறையில் டீ போட்டான். டாக்டர் மேஜையில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். கொல்லையிலிருந்து மோட்டார் சத்தம் வந்துகொண்டிருந்தது. நாளைக்கு அந்த ஆறு பேரும் படியில் இறங்கும்போது அலறுவார்களா, மாட்டார்களா என்று நினைத்துப் பார்த்தான். அலறினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. நான்கு மாதத்தில் அவனுக்கு ஏதோ ஒன்று நன்றாக இருக்கும் என்று தோன்றியது அதுதான் முதல் தடவை.

சத்தம் நின்றது.

"கரண்ட் போயிடுச்சா?" என்றார் டாக்டர்.

ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.

இருவரும் கொல்லைக்கு ஓடினார்கள். மாமனார் மோட்டார் பெட்டியின் முன் நின்றிருந்தார். ஒரு கை சுவிட்சில். இன்னொரு கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா! ஏன் நிறுத்தினீங்க?"

"மெதுவா" என்றார் அவர். "ரெண்டு மணி ஆச்சு."

"ரெண்டு மணின்னா?"

"தினமும் நிறுத்தறதுதானே. நீங்கதானே சொன்னீங்க, சத்தத்துல அவளுக்குத் தூக்கம் வரலைன்னு."

அவன் ஜன்னலைப் பார்த்தான். அவள் படுத்திருந்த நாட்களில் மாமனார் மதியத்தில் இழுத்துவிடுகிற திரை, இன்றும் இழுத்துவிடப்பட்டிருந்தது.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குக் குளத்தைப் பற்றி மட்டும்தான் கவலை.

"அது சரி பெரியவரே, நிறுத்தினா நிறுத்தினதுதானா? திரும்ப எத்தனை மணிக்குப் போடுவீங்க?"

மாமனார் பிளாஸ்டிக் நாற்காலியை ஜன்னலுக்குக் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவ எழுந்து குரல் குடுத்ததும் போடச் சொல்லியிருக்கார் மாப்பிள்ளை. நானும் தினமும் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்."