அறிவு நிரவல்

மனிதனுக்கு அறிவு ஒன்றல்ல, எட்டு வகை என்ற செய்தி 2003-ஆம் ஆண்டு ஓடைக்கரைப்பட்டி தொடக்கப்பள்ளிக்குச் சுற்றறிக்கையாக வந்து சேர்ந்தது. கணக்கறிவு, இசையறிவு, இயற்கையறிவு என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் 'எல்லாப் பள்ளிகளிலும் எல்லா அறிவும் சமச்சீராகப் பரவியிருத்தல் வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். தலைமையாசிரியை சுடலையம்மாள் படித்துப் பார்த்து, நல்லதுதானே என்று கோப்பில் வைத்தார்.

கோவில்பட்டியிலிருந்து அதிகாரி பூவனநாதன் ஜீப்பில் வந்து இறங்கி, பிள்ளைகளை ஒவ்வொருவராக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கேள்வி ஒன்றுதான்.

"மேல பாரு. என்ன தோணுது?"

மானாவாரிக் காட்டுப் பிள்ளைகள் வானத்தைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? கீழ்வானம் கறுத்திருக்கு, சாயந்திரம் மழை உண்டு என்றார்கள். பூவனநாதன் எல்லாருக்கும் இயற்கையறிவு என்று எழுதினார். நாலாம் வகுப்பு சொர்ணத்தாயும் அதையேதான் சொன்னாள்.

"சார், இவ நல்லாப் பாடுவா," என்றார் சுடலையம்மாள். "வாய்ப்பாட்டையே மெட்டுப் போட்டுப் பாடுதா. மொத்த வகுப்பும் அப்படித்தான் படிச்சிச்சு."

"மழையச் சொல்லிட்டாளே டீச்சரம்மா."

"அதுவும் தெரியும், இதுவும் தெரியும் சார்."

"ஒரு ஆளுக்கு ஒரு அறிவுதான். ரெண்டு எழுதினா ஆடிட்ல பிடிச்சிருவான். ஒரே ஆளு ரெண்டு ரேஷன் கார்டு வச்சிருக்குத மாதிரி ஆயிரும்."

மறுவாரம் ஆணை வந்தது. ஓடைக்கரைப்பட்டியில் இயற்கையறிவு உபரி, இசையறிவு பற்றாக்குறை. கடம்பூரில் இசை உபரி, இயற்கை அறவே இல்லை. ஆகவே சொர்ணத்தாய் கடம்பூர்ப் பள்ளிக்கு. அங்கிருந்து கடற்கரை என்ற பையன் இங்கே.

சொர்ணத்தாயின் அம்மா வெள்ளைத்தாய் தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"எம்பிள்ளைய எதுக்கு டீச்சர் ஊரு கடத்துதீங்க? என்ன தப்பு செஞ்சா?"

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. அறிவு கூடிப்போச்சி."

சொர்ணத்தாய் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். கடற்கரையும் அழுதுகொண்டேதான் வந்து இறங்கினான். ஒரு பாட்டுப் பாடுலே என்றால் தலையைக் குனிந்துகொண்டான். விசாரித்ததில், கடம்பூரில் சோதனை நடந்தபோது கோயில் கொடைத் திருவிழா ரேடியோ பாடிக்கொண்டிருந்ததாம். இவன் தலையாட்டியிருக்கிறான். இங்கே பாட ஆளில்லாமல் வாய்ப்பாடு ஏழோடு நின்றது. எட்டைத் தொட்டதும் வகுப்பு முழுக்க விட்டத்தைப் பார்த்தது.

சுடலையம்மாள் பஸ் ஏறினார். கோவில்பட்டிக்குப் போய்ப் பூவனநாதன் முன்னால் நின்று, பிள்ளையைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டார்.

"தனிப்பட்ட பிள்ளையத் திருப்ப முடியாது டீச்சரம்மா. அறிவைத்தான் திருப்ப முடியும். மறுசோதனை வரட்டும்."

தை மாதம் மறுசோதனை வந்தது. கடம்பூரில் வராந்தா இல்லை. வகுப்பறைக்குள்ளேயே வைத்து மேலே பார்க்கச் சொன்னார்கள். மேலே காங்கிரீட். மழை, மேகம் ஒன்றும் தெரியாமல் சொர்ணத்தாய் பயத்தில் எட்டாம் வாய்ப்பாட்டைப் பாடினாள். இசையறிவு என்று எழுதினார் பூவனநாதன். கடம்பூரில்தான் இசை ஏற்கெனவே உபரியாயிற்றே. பற்றாக்குறை எங்கே என்று தேடி, கடற்கரை போயும் பற்றாக்குறை தீராத ஓடைக்கரைப்பட்டிக்கே அவளை அனுப்பிவைத்தார்கள்.

இயற்கையறிவோடு போன பிள்ளை இசையறிவோடு திரும்பியது இலாகாவுக்குப் பெரிய சாதனையாகிவிட்டது. கோவில்பட்டியில் விழா எடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேச மேடைக்குக் கூப்பிட்டபோது சுடலையம்மாள் உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தார். அதற்குள் பூவனநாதன் அவர் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். நல்ல கனமான பொன்னாடை.

"எல்லாம் திட்டத்தோட பலன்," என்று சொல்லிவிட்டுச் சுடலையம்மாள் உட்கார்ந்தார்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் ஊரே கூடி நின்றது. எம்பிள்ளையையும் ஒருக்கா அனுப்பி எடுங்க டீச்சர் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். முதல் ஆளாக, மகளைக் கையில் பிடித்தபடி வெள்ளைத்தாய்.

"பாட்டை வச்சி என்ன செய்ய டீச்சர்? அடுத்த வருசம் இவள கணக்கறிவுக்குப் போட்டு விடுங்க."

சொர்ணத்தாய்க்குக் கணக்கும் நன்றாக வரும் என்பது சுடலையம்மாளுக்குத் தெரியும். ஆனால் ஒரு ஆளுக்கு ஒன்றுதானே.

"கணக்கு வேணும்னா இசைய ஒப்படைக்கணும்மா."

"எடுத்துக்கிடுங்க." வெள்ளைத்தாய் மகள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, இனிமே பாடப்பிடாது, கேட்டியா?"

சொர்ணத்தாய் டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுலயுமா டீச்சர்?"

சுடலையம்மாள் யோசித்தார். சுற்றறிக்கையில் வீட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

"மேல கேட்டுச் சொல்லுதேன்," என்றார். "அதுவரைக்கும் பாடாம இரு."