கெட்டிமேளத்துக்கு அடியில் ஒரு குரல்

நல்ல ஸ்பீக்கர் குடும்பத்துக்கு ஆகாது. கரகரவென்று பாடுகிற பழைய பெட்டிதான் மானத்தைக் காக்கும். (படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன்.)

புது வீட்டுக்குப் பாட்டுப்பெட்டி வாங்க என் மகன் கணேசன் பழவங்காடியில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். என்னையும், அவன் மாமியாரையும். பால்காய்ச்சுக்கு இரண்டே நாள். ஓர் அவியல் தகராறில் (உப்பு கூடுதல் என்றேன், அவ்வளவுதான்) இரண்டு வருஷமாக எங்கள் வாசலை மிதிக்காத சம்பந்தியம்மாளை, நாகர்கோவில்வரை போய்க் கெஞ்சி அழைத்து வந்திருந்தான்.

"எம்மா, பால் பொங்குறது வரைக்கும் அத்தையப் பத்தி வாயத் தெறக்காத. அவங்க கோவிச்சுட்டுப் போனா உன் மருமக சுபா என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா."

சத்தியமாக அன்று நான் திறக்கவில்லை. பெட்டிதான் திறந்தது.

மலையாளிக் கடைக்காரர் ஒரு பாட்டைப் போட்டார். பெட்டிக்குள் யாரோ ஒருத்தி பெருமூச்சு விட்டாள். அரிசி மூட்டை விழுந்ததுபோல் ஒரு மத்தளம்.

"எங்ஙன உண்டு அம்மே?"

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ நேர்ல எப்படி மூச்சு விடுவான்னு எனக்குத் தெரியாதே! தெரிஞ்ச சத்தத்தப் போட்டாத்தான பெட்டி நெசம் சொல்லுதா, பொய் சொல்லுதான்னு தெரியும்?"

"அம்ம பறயுறது கரெக்டு. நல்ல பெட்டியிலே இதுவரை கேக்காததும் கேக்கும், கேட்டோ!"

கணேசன் போனில் அவன் கல்யாண வீடியோ இருந்தது. அந்த நாதஸ்வரம் எனக்கு மனப்பாடம். "அதப் போடு மக்களே" என்றேன் கணேசனிடம். "ஆமா, ராசியான சத்தமாக்கும்" என்றாள் சம்பந்தியம்மாள். இரண்டு வருஷத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

கெட்டிமேளம் எதற்கு? தாலி ஏறும் நேரத்தில் ஆகாத சொல் காதில் விழக்கூடாது என்பதற்குத்தானே. அந்தத் தைரியத்தில் ஆளாளுக்கு எதையெல்லாம் பேசினோமோ! மேளம் முழங்கியது. அதற்கு அடியில், இடது பெட்டியிலிருந்து, மணிமணியாக என் குரல்:

"சம்பந்திக்காரி கழுத்துல கெடக்கது முச்சூடும் கவரிங்காக்கும்!"

கணேசன் பதறிப்போய் போனைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது. கடைக்காரருக்கோ பரமானந்தம். "கண்டோ, இதாக்கும் கிளாரிட்டி! வீடியோக்காரன் ரெண்டு சைடும் மைக் வச்சிருக்கு. ரைட்டும் கேளுங்கோ" என்று சத்தத்தைக் கூட்டினார்.

வலது பெட்டியில் சம்பந்தியம்மாள்: "மாப்பிள்ளைக்க அம்மையப் பாருட்டி, மாவுல முக்குன பழம்பொரி மாதிரி பவுடரு!"

மேளம் நின்றது.

சம்பந்தியம்மாள் சங்கிலியைத் தடவிக்கொண்டாள். "கவரிங்தான் மயினி. தங்கத்த முழுசும் உங்க மருமகளுக்குல்லா போட்டாச்சு."

முந்தானையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன். (எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒத்துக்கொள்வது அபூர்வம்.) "பவுடரும் கொஞ்சம் கூடுதல்தான் மயினி" என்றேன்.

முதலில் சிரித்தது அவளா நானா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

"இதவிடக் கொறஞ்ச பெட்டி இருக்கா?" என்று கணேசன் கெஞ்சினான்.

"இதையேதான் எடுக்கணும் மாப்பிள்ள. பந்தியில யாரு என்ன சொன்னாங்கன்னும் கேக்கணும்லா!" என்றாள் அவள்.

பால் அவள் கையால்தான் பொங்கியது. அவியலும் அவளே வைத்தாள். உப்பு கூடுதல்தான். அந்தப் பெட்டி இருக்கிற வீட்டில் வாயைத் திறக்க நான் என்ன மடச்சியா?

இப்போதும் வீட்டில் நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பழம்பொரி போட்டால், அன்றைக்குப் பிறந்தே இராத என் பேத்தி முதல் தட்டை என்னிடம்தான் நீட்டுவாள்:

"ஆச்சி, ஒங்க போட்டோ வந்திருக்கு!"