நூற்றுக்கு மூன்று குறைச்சல்

வெளிச்சம் விலைமதிப்பற்றது என்பதெல்லாம் கவிஞர்கள் பேச்சு. அந்தப் பல்கலைக்கழகத்தில் அதன் விலை நூறு மேற்கோள். பேரம் கிடையாது.

ஒளியைப் பற்றி நீங்கள் கட்டுரை எழுத வேண்டும். இன்னொரு விஞ்ஞானி தன் கட்டுரையில் உங்கள் பெயரைச் சொன்னால் ஒன்று. இப்படி நூறு சேர்ந்தால்தான் பேராசிரியர் நாற்காலி. நம் இயற்பியலாளரிடம் தொண்ணூற்றேழு இருந்தது. தேர்வுக்குழு கூடுவது வெள்ளிக்கிழமை. அடுத்த குழு கூடுவதற்குள் அவர் ஓய்வுபெற்றுவிடுவார்.

திங்கட்கிழமை எதிர் அறைக்காரரின் புதுக் கட்டுரை வெளியானது. கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒளியை வளைக்கும் விஷயம். நம்மவர் வாழ்நாளெல்லாம் மாரடித்த அதே சரக்கு. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். மேற்கோள் பட்டியலில் மேலிருந்து கீழே தன் பெயரைத் தேடினார், பிறகு கீழிருந்து மேலே. இல்லை.

"திருடன்! பட்டப்பகல் திருடன்!" என்று வீட்டுக்கு வந்து குதித்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கட்டுரையைப் படிச்சீங்களா?"

"அவன் எழுதுனதை நான் எதுக்குப் படிக்கணும்? இன்னிவரைக்கும் ஒண்ணுகூடப் படிச்சதில்ல!"

"இதுல பெருமை வேற. எதிர் ரூம்தானே, கதவைத் தட்டிக் கேளுங்களேன்."

"அவன் கதவையா? அதுக்கு நான் மூட்டை தூக்கப் போவேன்."

கதவைத் தட்டவில்லை, கணினியைத் தட்டினார். கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்குக் காரசாரமாகப் புகார் போனது. மறுநாளே பணிவான பதில் வந்தது: விசாரணை முடியும்வரை அவர் எங்கள் பத்திரிகையில் எழுதிய எல்லாக் கட்டுரைகளையும் முடக்கிவைத்திருக்கிறோம்.

மீசையைத் தடவிக்கொண்டே தன் மேற்கோள் கணக்கைத் திறந்தார். தொண்ணூற்றேழு, அறுபத்தொன்றாக இறங்கியிருந்தது.

"பாத்தியாடி? ஆள் வச்சு என் பேரை அழிக்கிறான்!"

"ஒரே ராத்திரில முப்பத்தாறு இடத்துலயா? அவருக்கு வேற வேலையே இல்லையா?"

"நீ யார் பக்கம்?"

"துணி பக்கம்" என்றாள் அவள். "கொஞ்சம் தள்ளி நின்னு கத்துங்க."

புதன்கிழமை இன்னும் இரண்டு பத்திரிகைகளுக்குப் புகார் பறந்தது. அவர்களும் முடக்கினார்கள். வியாழன் காலை கணக்கில் எஞ்சியது இரண்டே இரண்டு.

இயற்பியலாளர் அறையைவிட்டுப் பாய்ந்தார். நடைவழியில் எதிர் அறைக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"என் வயித்துல அடிச்சிட்டியேடா! என் பேரை ஒரு தடவை எழுதுனா உன் கை தேஞ்சிடுமா?"

"சார், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க..."

"வாயைத் தொறந்தே, நடக்கறதே வேற!"

அவர் வாயை மூடிக்கொண்டார். சட்டைப் பொத்தான் மட்டும் தெறித்து உருண்டு போனது.

வெள்ளிக்கிழமை, துறைத்தலைவரின் அறைக்குள் புயல் நுழைந்தது. தேர்வுக்குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

"உக்காருங்க சார்."

"உக்கார வரல, நியாயம் கேக்க வந்தேன். அந்த ஆளை வெளிய அனுப்புங்க. வேணும்னே என் பேரை விட்டுட்டான்!"

"நான் சொல்லித்தான் விட்டார்."

"நீங்களா?"

"ஒரே ஆள் உங்களை இத்தனை தடவை சொன்னா குழு சந்தேகப்படும், இதோட நிறுத்துங்க, குறையறதுக்கு நான் பேசிக்கறேன்னு அவர்கிட்ட சொன்னேன். திங்கக்கிழமையே பேசி, எல்லாரையும் ஒத்துக்கவும் வச்சுட்டேன்."

இயற்பியலாளர் உட்கார்ந்தார். நாற்காலி கொஞ்சம் தள்ளியிருந்ததால் பாதிதான் உட்கார முடிந்தது.

"இத்தனை தடவைன்னா?"

துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உலகத்துல உங்க கட்டுரையைப் படிக்கிற ஒரே ஆள் அவர்தான் சார். மொத்தம் தொண்ணூத்தேழு. அதுல தொண்ணூத்தஞ்சு அவர் போட்டது. அவர் கட்டுரைகளை முடக்கி அத்தனையையும் நீங்களே அழிச்சிட்டீங்க. மிச்சம் ரெண்டு உங்களை நீங்களே சொல்லிக்கிட்டது. அதைக் குழு எண்ணாது. ஆகக்கூடி, பூஜ்யம்."