சான் ரோக்கேயை மீட்ட கோணல் வாய்

அன்புள்ள மாப்பிள்ளை லெயாந்த்ரோ அவர்களுக்கு,

மச்சான் எவரிஸ்தோ எழுதுவது. இங்கே நானும் நெலிதாவும் சுகம். என் வலது கால் மட்டும் சுகமில்லை. உங்களையும் தங்கை எர்மிந்தாவையும் கடவுள் காக்கட்டும். நிற்க, நீங்கள் உடனே புறப்பட்டு வந்து ட்ரூக்கோ சீட்டாட்டத்தில் எனக்கு ஜோடியாக உட்கார வேண்டும்.

சீட்டென்றால் சாத்தான் என்று உங்கள் அம்மா சொல்லி வளர்த்தது தெரியும். ஆட்டம் சுலபம்தான். நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. ஆளுக்கு மூன்று சீட்டு. மூன்று சுற்றில் இரண்டைப் பிடித்த பக்கத்துக்கு வெற்றி. வாள், தடி, காசு என்பதெல்லாம் சீட்டின் இனம், ஆஸ் என்றால் ஒன்று. வாள் ஆஸ்தான் பெரியது, அப்புறம் தடி ஆஸ், வாள் ஏழு, காசு ஏழு, பிறகு மூன்றுகள், இரண்டுகள். நாலு கடைசி. ஏன் இப்படி என்று கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. கையில் ஒன்றுமே இல்லாமல் "ட்ரூக்கோ!" என்று கத்தலாம். எதிராளி பயந்து சீட்டைக் கவிழ்த்தால் புள்ளி நமக்கு. பயப்படாதவன் பந்தயத்தை ஏற்றி "ரெட்ரூக்கோ!" என்பான். அதற்கும் மேலே, நாலு புள்ளிக்கு ஏற்றிக் கத்த "வாலே குவாத்ரோ!" இருக்கிறது. கையில் என்ன இருக்கிறது என்று ஜோடிக்கு முகத்தாலேயே சொல்லலாம், எதிராளி பார்க்காதபோது. கண்ணடித்தால் தடி ஆஸ். வாயை வலப்பக்கம் கோணினால் வாள் ஏழு. உதட்டைக் குவித்து முத்தம் காட்டினால் இரண்டு. இந்த முத்தத்தால்தான் எல்லாம் கெட்டது.

நம் ஊருக்கும் பக்கத்து ஊர் லா அல்பினாவுக்கும் சேர்த்து புனிதர் சான் ரோக்கே சொரூபம் ஒன்றுதான். ட்ரூக்கோவில் ஜெயிக்கிற ஊருக்கு வருஷம் பூரா அவர். நாங்கள் தோற்றுத் தோற்று, திருவிழாவில் வெறும் பல்லக்கைச் சுமந்துகொண்டிருந்தோம். இந்தத் தடவை ஆட்டத்தன்று காலையில் என் ஜோடி பால்தொமேரோ, மாட்டு வைத்தியர், வாய் வலப்பக்கம் இழுத்தபடி வந்து நின்றார்.

"ஜன்னலைத் திறந்து வெச்சுத் தூங்கிட்டேன்யா. காத்து அடிச்சு முகம் இழுத்துக்கிச்சு."

"இன்னிக்கு பூரா உம்ம கையில வாள் ஏழுன்னுல்ல நினைப்பானுங்க!"

"நினைக்கட்டுமே!"

நினைத்தார்கள். எதிரே ஆடிய எலாதியோ வியர்த்து வழிந்து, "என்னடா இது, எப்பப் பார்த்தாலும் ஏழு இவன்கிட்டயே போகுது!" என்று தம்பியிடம் புலம்பினான். நாங்கள் ஏறிக்கொண்டே வந்தோம். அப்போது எனக்கு இரண்டு வந்தது. பால்தொமேரோவைப் பார்த்து முத்தம் காட்டினேன். அவருக்கு நேர் பின்னால் விதவை பெத்ரோனா நின்றதை நான் கவனிக்கவில்லை, மாப்பிள்ளை. அந்தம்மா வெட்கப்பட்டு, திருப்பி ஒரு முத்தம் காட்டினாள். அதை, அடுப்பிலிருந்து இறக்கிய, கறி அடைத்த எம்பனாடா தட்டோடு வந்த நெலிதா பார்த்துவிட்டாள்.

"கட்டினவளுக்கு ஒரு தடவையாச்சும் இப்படிக் காட்டியிருக்கீரா?" என்று தட்டைப் போட்டாள். மேசை மேல் இல்லை, என் கால் மேல். நான் அலறிய அலறலில் "…க்கோ" மட்டும் எலாதியோ காதில் விழுந்ததாம். நான் ட்ரூக்கோ சொன்னதாக எடுத்துக்கொண்டான்.

"ரெட்ரூக்கோ!" என்றான்.

என் கையில் நாலு, அஞ்சு, அந்த ஒற்றை இரண்டு. கால் எரிந்த எரிச்சலில் "வாலே குவாத்ரோடா!" என்று கத்திவிட்டேன். எலாதியோ பால்தொமேரோவின் வாயைப் பார்த்தான். அது வலப்பக்கம் கோணியபடியே இருந்தது. சீட்டைக் கவிழ்த்தான். ஆட்டமே முடிந்தது. ஊரே சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஆடியது. நான் காலைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு அழுதேன், வலியா சந்தோஷமா என்று இன்னும் தெரியவில்லை.

ஆனால் பால்தொமேரோ ஆடவில்லை. "பெத்ரோனாகிட்ட ஒரு வார்த்தை பேச நான் எத்தனை வருஷமா தவிக்கிறேன், நீ என் தலைக்கு மேலேயே முத்தம் கொடுக்கிறியா? இனி உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல" என்று கோணல் வாயோடு சொல்லிவிட்டுப் போனார். பாதிதான் புரிந்தது. அதுவே நெஞ்சைப் பிளந்தது. மறு ஆட்டம் கேட்டு லா அல்பினாக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். வீட்டில் நெலிதா என்னோடு பேசுவதில்லை, உப்பு வேண்டுமென்றால் பூனையிடம் கேட்கிறாள். ஆகையால் கண்ணாடி முன் கண்ணடித்துப் பழகிக்கொண்டு சீக்கிரம் வாருங்கள்.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். சான் ரோக்கே உங்கள் வீட்டு நாய் உட்பட அனைவரையும் காப்பாராக.

இப்படிக்கு,
நொண்டிக்கொண்டிருக்கும் மச்சான்,
எவரிஸ்தோ

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். உறை ஒட்டுவதற்குள் நெலிதா இதைப் படித்துவிட்டாள். சீட்டைக் கலைத்துப் போட்டு, என்னை வரிசையாகத் தோற்கடித்தாள். அவள் முகத்தில் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. "உமக்கு ஜோடி நான்தான்" என்றாள். சைகை எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். இரண்டுக்கு உண்டான முத்தம் வந்ததும், "அதை மட்டும் சீட்டு வந்தாலும் வராட்டியும் காட்டும்" என்றாள்.