சிவப்புக் கொடிக்கு நின்ற குற்றத்துக்கு

பொன்மலை,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அமிர்தராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் ரெஜிஸ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நான் உடம்புக்கு நலம். திண்டுக்கல்லில் தாங்களும் அக்காவும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். போனில் சொல்லக்கூடியதற்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். நான் உங்களிடம் கேட்பதற்கெல்லாம் ரோசரி பின்னாலிருந்து பதில் சொல்கிறாள்.

அவள் கோபித்துக்கொண்டு அங்கே வந்து இன்றோடு ஒன்பது நாள். அவள் பக்கத்தைக் கேட்டிருப்பீர்கள், என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். ரிட்டயரான பின் நான் முந்நூற்றைம்பது சிசி வண்டி ஒன்று வாங்கியது தெரியும். சென்னையில் நம் பிரவீன்ராஜும் அவன் கூட்டாளி ஆஸ்டினும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ரேஸ் டிராக்கில் பதிவு செய்திருந்தார்கள். பந்தயம் கிடையாது, ரோட்டில் ஓட்டுகிற வண்டியையே கொண்டுபோய் ஒரு நாள் முழுக்கச் சுற்றலாம், அவ்வளவுதான். ஆஸ்டினுக்கு அம்மை போட்டுவிட்டது. "அப்பா, இடம் சும்மா போகுது, நீங்க வாங்க, ஓரமா ரெண்டு ரவுண்டு அடிச்சிட்டு வந்துரலாம்" என்றான் மகன். ரோசரியிடம் உண்மையைச் சொன்னால் விடமாட்டாள் என்று, மூன்று நாள் தியானத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது பாவம்தான், பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டேன்.

அங்கே போனதும் வண்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்று, நம்பர் பிளேட்டைக் கழற்று, விளக்கின் மேல் டேப் ஒட்டு என்றார்கள். எல்லாம் சரி, பின்விளக்கையும் மூடச் சொன்னார்கள். முப்பத்தாறு வருஷம் கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்தவன் நான். வண்டித் தொடரின் கடைசியில் விளக்கு இல்லாமல் ஒரு ஸ்டேஷன் தாண்டியதில்லை. வாதாடிப் பார்த்தேன், அவர்கள் கேட்கவில்லை. அப்புறம் வாடகைக்கு ஒரு தோல் சட்டை கொடுத்தார்கள். ஜிப் தொப்புளோடு நின்றுவிட்டது, மகனும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து ஏற்றினார்கள். பிறகு வகுப்பு நடந்தது. வளைவில் எங்கே பார்ப்பது, எங்கே பிரேக் பிடிப்பது என்று சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டேன். அடுத்தது கொடிகள் என்றார் வாத்தியார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கொடி பிடித்தவனுக்குக் கொடியைப் பற்றிப் பாடமா என்று எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன். வினை அந்த டீயில்தான் ஆரம்பம்.

பச்சைக் கொடி காட்டினார்கள், கிளம்பினோம். எல்லாரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். கடைசியில் வருவது எனக்குப் புதிதா, வேலை பார்த்த காலமெல்லாம் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, கடந்துபோன ஊர்களின் முதுகைத்தானே பார்த்தேன். மூன்றாவது ரவுண்டில் நேர்ப்பாதையில் நூற்றுப்பத்து தொட்டேன் மச்சான். எனக்கு முன்னால் எதுவுமே இல்லை. இந்த வயதில் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஹெல்மெட்டுக்குள் அழுதுவிட்டேன்.

நாலாவது ரவுண்டில் முன்னால் போன ஒருவர் மணலில் சறுக்கி விழுந்தார். அடி ஒன்றும் இல்லை, எழுந்து தூசி தட்டிக்கொண்டிருந்தார். சிவப்புக் கொடி காட்டினார்கள். சிவப்பு என்றால் என்ன, நிற்க வேண்டும். நின்றேன். அந்த இடத்திலேயே, நடுப்பாதையில், ஸ்டாண்ட் போட்டு நின்றேன். அங்கே சிவப்பு காட்டினால் வேகத்தைக் குறைத்து உள்ளே திரும்பிவிட வேண்டுமாம், நிற்கக் கூடாதாம். எனக்குப் பின்னால் யாரும் வராததால் உயிர் தப்பினேன். கொடிக்காரர் ஓடி வந்தார்.

"சார், வண்டிய எடுங்க, உள்ள போங்க."

"பச்சை காட்டுங்க, போறேன்."

"பச்சையெல்லாம் இப்ப காட்டமாட்டாங்க சார். இந்த பேட்ச் முடிஞ்சிருச்சு."

"அப்ப எழுத்து மூலமா குடுங்க. சிவப்பைத் தாண்டிப் போகச் சொல்லி வாய்ச்சொல்லு செல்லாதுங்க."

சர்வீசில் ஒரு நாளும் சிவப்பைத் தாண்டாதவன், ரிட்டயரான பிறகா தாண்டுவேன். ஆம்புலன்ஸ் வந்தது, எனக்குத் தலையில் அடியோ என்று பார்த்தார்கள். அடுத்த பேட்ச் ஆட்கள் இருபது நிமிஷம் வெயிலில் தோல் சட்டையோடு வெந்தார்கள். கடைசியில் பிரவீன்ராஜ் ஓடி வந்து டீக்கடை பில்லின் பின்பக்கத்தில் "செல்ல அனுமதி" என்று எழுதி, கொடிக்காரரிடம் நேரம் போட்டுக் கையெழுத்து வாங்கித் தந்தான். அதன் பிறகே வண்டியை எடுத்தேன்.

யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். அது எப்படியோ சுற்றி நம் கோயில் அன்பிய வாட்ஸ்அப் குழுவுக்கே வந்துவிட்டது. ரோசரி போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "தியானத்துல தோல் சட்டை போட்டுக்கிட்டு நடுரோட்டுல என்னங்க பண்றீங்க?" நான் வீடு வந்து சேர்வதற்குள் அவள் திண்டுக்கல் பஸ் ஏறிவிட்டாள். வண்டி இருக்கிற வீட்டில் இருக்கமாட்டேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆகவே வண்டியை விற்பதென்று முடிவு செய்துவிட்டேன். பாலக்கரை அப்துல் சுக்கூர் பாய் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பார்க்க வருகிறார். எனக்கு ரசம் வைக்கத் தெரியும், தனியாக ஊற்றிக்கொண்டு சாப்பிடத்தான் தெரியவில்லை. அவள் இல்லாமல் முடியவில்லை மச்சான். நல்ல வார்த்தை சொல்லி அனுப்பி வையுங்கள்.

தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் மாதாவின் துணை என்றும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
ரெஜிஸ்

பின்குறிப்பு: புதன்கிழமை காலை. இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் ரோசரியே ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். உங்களிடம் சொல்லாமல் வந்திருந்தால் தேட வேண்டாம். மேஜையில் இருந்த கடிதத்தை நின்றபடியே முழுக்கப் படித்தாள். தியானப் பொய்யைப் பற்றித் திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். "நூத்திப்பத்தா?" என்றாள். ஆமாம் என்றேன். கடிதத்தை மடித்து மேஜையில் வைத்தாள். பிறகு, "முப்பத்துமூணு வருஷமா என்னைய பின்னாடி உக்கார வச்சு நாப்பதைத் தாண்டுனதில்ல நீங்க. பூசைக்குப் போறப்ப சைக்கிள்காரன் நம்மளத் தாண்டிப் போவான். பையன் கூப்பிட்டா மட்டும் நூத்திப்பத்து வருதா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. அவள் கோபம் அங்கேதான் இருந்திருக்கிறது, நான்தான் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். சுக்கூர் பாய்க்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஆகவே மேலே கேட்டுக்கொண்டபடி எதுவும் செய்ய வேண்டாம். ஸ்டாம்பு ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன். நாளைக் காலை இருவரும் கல்லணை ரோட்டில் போகிறோம். எழுபதுக்குக் கீழே போனால் இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பவும் உங்கள் வீட்டுக்கே வந்துவிடுவாளாம்.